விருந்தினர் உள்ளே இருக்கிறார்

பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, கரடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. ரெய்னோ பெல்டோனன் படிவங்களுக்குப் பயப்படுகிறவர். டெரஸ் பே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கொதிகலனையும் தண்ணீர்க் குழாய்களையும் பார்த்துக்கொண்டவர். கொதிகலன் இப்போதோ அப்போதோ வெடிக்கிற மாதிரி உறுமினாலும் பக்கத்தில் போய் மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுப்பார். வரி அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்துவிட்டால் மட்டும் அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்.

"அது கடிக்காது, பிரிச்சுப் பாரு" என்பாள் மனைவி ஐலா.

"கடிக்கும். போன வருஷம் கடிச்சுது" என்பார் ரெய்னோ.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழாம் நெடுஞ்சாலையில், பனிப்புயலுக்கு நடுவே, கைப்பேசி வழியாக அறை எடுக்க நேர்ந்தது.

ஐலாவுக்கு நுரையீரல் நோய். தோளில் தொங்கும் பைக்குள் ஒரு சின்ன ஆக்சிஜன் கருவி எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். பாட்டரியில் நாலு மணி நேரம் ஓடும். சுவரில் செருகினால் எத்தனை நாளும் ஓடும். வண்டியில் செருகினாலும் ஓடத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய பிக்கப் வண்டியின் சார்ஜ் முனை கிறிஸ்துமஸுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ரெய்னோ இருபது தடவைக்குமேல் சொல்லியிருந்தார்.

சூ நகரத்து மருத்துவரிடம் காட்டிவிட்டு வீடு திரும்பும் வழியில், மதியம் இரண்டே காலுக்குப் போலீஸ் அவர்களை மறித்தது. சாலைக்குக் குறுக்கே தடுப்பு. கான்ஸ்டபிள் பெல்ரோஸ் என்ற நடுவயதுப் பெண், கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலோரம் வந்து குனிந்தாள்.

"மேல போக முடியாது ஐயா. ரெண்டு பெரிய லாரி ரோட்டுக்குக் குறுக்க கவுந்து கிடக்கு. உங்களுக்குப் பின்னாலயும் இப்ப மூடிடுவாங்க."

"அப்ப நாங்க எங்கதான் போறது?"

"பதினெட்டு கிலோமீட்டர் பின்னால கிரே லூன் மோட்டல். நடுவுல வேற எதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு, அங்க ஆள் இருக்க மாட்டாங்க."

"ஆள் இல்லாம மோட்டலா?"

"எல்லாம் போன்லதான். மோட்டல் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மேட்டுல மட்டும்தான் சிக்னல். இங்கயே பதிஞ்சுட்டுக் கிளம்புங்க."

ஸ்டேமெல்லோ என்ற நிறுவனம்தான் அந்த மோட்டலை நடத்துகிறது, அதாவது அங்கே யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறது. ரெய்னோ கையுறையைக் கழற்றி, வழிபாட்டில் நிற்பவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கடைசியில் திரை பூரித்தது. "வாழ்த்துகள் ரெய்னோ! ஆறாம் எண் அறை உங்களுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கும் எண் விரைவில் வரும்."

"ஏங்குதாம்ல" என்றாள் ஐலா. "பாவம், சீக்கிரம் போய்ச் சமாதானப்படுத்து."

பதினெட்டு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. வழியில் சிக்னலும் இல்லை.

மோட்டல் ஒரே வரிசையில் பன்னிரண்டு அறைகள். பன்னிரண்டிலும் விளக்கு எரிந்தது. திரைச்சீலைகளுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். ரெய்னோவுக்கு உயிர் வந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தார். முற்றத்தில் ஒரு வண்டிகூட இல்லை. பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை.

கைப்பேசி அடுத்தடுத்து மூன்று முறை சிணுங்கியது. வழியில் வராமல் தேங்கியிருந்த செய்திகள். முதலாவது: "இதோ உங்கள் கதவு எண். பத்து நிமிடத்துக்குச் செல்லும்." அனுப்பிய நேரம் இரண்டு ஐம்பது. இரண்டாவது, சரியாக மூன்று மணிக்கு: "வருகை நிறைவடைந்தது. வந்து சேர்ந்ததில் எங்களுக்கு ஆனந்தம், ரெய்னோ!" மூன்றாவது: "அறை எப்படி இருக்கிறது?"

அப்போது மணி மூன்று பன்னிரண்டு.

ரெய்னோ இறங்கிப் போய் ஆறாம் எண் கதவில் அந்த எண்ணை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது: "மன்னிக்கவும். விருந்தினர் உள்ளே இருக்கிறார்."

"மன்னிச்சுக்குங்க" என்று கதவிடம் சொல்லிவிட்டு ரெய்னோ சட்டென்று பின்வாங்கினார். இரண்டடி வந்த பிறகுதான், அந்த விருந்தினர் தான்தான் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய்த் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தார். விரித்த கட்டில், அதற்கப்பால் இன்னொன்று. எரியும் விளக்கு. சுவரில் தொலைக்காட்சி. அதில் பூ பூவாக உதிர்ந்துகொண்டிருந்த நடுவே எழுதியிருந்தது: நல்வரவு, ரெய்னோ பெல்டோனன். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு மின்முனை.

வண்டிக்கு ஓடினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றாள் ஐலா.

"நான் இருக்கேனாம்."

ஐலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கயும் நீதானா?" என்றாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கருவியின் சின்னத் திரை இன்னும் இரண்டு மணி ஐந்து நிமிடம் ஓடும் என்று காட்டியது. வண்டி ஹீட்டரை முழுதாக வைத்திருந்தும் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி பூக்கத் தொடங்கியிருந்தது. வெளியே மைனஸ் இருபத்தொன்பது. பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே கிடந்தது.

உதவிக்கு அழுத்துங்கள் என்ற பொத்தானை ரெய்னோ அழுத்தினார். பிப் என்ற பெயருள்ள இயந்திரம் ஒன்று எழுந்து வந்து, உங்கள் குறை எது என்று பட்டியல் நீட்டியது. தலையணை. துண்டு. ஜன்னல் காட்சி. சத்தம். அறைக்குள்ளேயே போக முடியவில்லை என்பது பட்டியலில் இல்லை. அப்படியொரு குறை இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் மனிதக் குரல் கிடைக்கும் என்று நினைத்து, ரெய்னோ சத்தம் என்பதை அழுத்தினார். சத்தம் உள்ளேயிருந்தா வெளியேயிருந்தா என்று பிப் கேட்டது. வெளியே என்றார். அவர் வெளியேதானே இருக்கிறார்.

"புரிந்துகொண்டோம். உங்கள் அறைக்கு வெளியே சத்தம் போடுபவரை இனிக் கண்காணிப்போம். மனித அலுவலருடன் இணைக்கிறோம்."

இணைக்கும்வரை கேட்பதற்குக் கடலலை ஓசையை வைத்திருந்தார்கள். நடுநடுவே கடற்பறவை கத்தியது. பதினொரு நிமிஷம் அவர்கள் இருவரும் பனிக்குள் உட்கார்ந்து வெதுவெதுப்பான கடற்கரையைக் கேட்டார்கள்.

"வணக்கம், நான் டாரியன். விருந்தினர் மகிழ்ச்சி அலுவலர்" என்றது ஓர் இளங்குரல். "அறை எப்படி இருக்கு, ரெய்னோ?"

"அறைக்குள்ள நான் இல்லைங்க. வெளிய நிக்கறேன். கதவு திறக்கல. எனக்கு எண் கிடைக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. என் மனைவிக்கு ஆக்சிஜன் வேணும், கருவிக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்ல. இன்னொரு எண் குடுத்தீங்கன்னா போதும்."

"கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு. அந்த வருத்தத்தைக் குறிச்சுக்கிட்டேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஆனா பாருங்க, நீங்க உள்ள இருக்கீங்கன்னு காட்டுது. உள்ள இருக்கறவருக்குப் புது எண் குடுக்க முடியாது. ஏன்னா அவருக்குத் தேவைப்படாது."

"நான் உள்ள இல்லப்பா."

"சரி, உங்களை நம்பறேன். உங்களை நம்பணும்னுதான் எங்களுக்குப் பயிற்சி. அறைக்குச் சொந்தக்காரர் நீங்கதான்னு ஒரு சின்ன சரிபார்ப்பு மட்டும். கட்டில் பக்கத்து மேசையில ஒரு அட்டை இருக்கும். அதுல இருக்கற ஆறு எழுத்தைப் படிங்க."

ரெய்னோ வண்டியை விட்டு இறங்கி ஜன்னலுக்கு ஓடினார். இடுக்கில் கண்ணை வைத்தார். அட்டை தெரிந்தது. கவிழ்ந்து கிடந்தது.

"அது கவுந்து கிடக்குப்பா."

"திருப்பிப் பாருங்களேன்" என்றான் டாரியன் அன்போடு.

ரெய்னோவுக்கு ஒரு நொடி நாக்கு எழவில்லை. அதற்குள் டாரியன், மௌனம் திருப்தியின் அடையாளம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்களோ என்னவோ, வேறேதும் உதவி வேண்டாமல்லவா என்று கேட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

"மத்த ரூமைத் தட்டு" என்றாள் ஐலா. "யாராவது ஒருத்தர் கதவைத் திறந்தாப் போதும்."

ரெய்னோ ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். தட்டினார். "மன்னிக்கவும். விருந்தினர் உள்ளே இருக்கிறார்." இரண்டாம் எண். "மன்னிக்கவும். விருந்தினர் உள்ளே இருக்கிறார்." ஒவ்வொரு ஜன்னலிலும் இடுக்கு வழியே பார்த்தார். விரித்த கட்டில், எரியும் விளக்கு, பூ உதிரும் தொலைக்காட்சி. நல்வரவு, ஷெல்டன் குரூக்ஷாங்க். நல்வரவு, மிசெல் ஓடெட். நல்வரவு, ஹர்விந்தர் பாங்கு. பன்னிரண்டு அறையிலும் பன்னிரண்டு பேருக்கு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் இல்லை. எட்டாம் எண்ணில் ஹீட்டர் காற்றுக்குத் திரைச்சீலை அசைந்தபோது அவர் ஓரடி பின்னால் தாவினார். அங்கே யாராவது நின்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

பன்னிரண்டாவது கதவைத் தட்டி முடித்தபோது கைப்பேசி சிணுங்கியது.

"ரெய்னோ, பதற்றம் வேண்டாம். உங்கள் விடுதியில் ஒரு மனிதர் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பதை எங்கள் கேமராக்கள் கண்டுபிடித்துள்ளன. தயவுசெய்து அறையை விட்டு வெளியே வராதீர்கள்."

ரெய்னோ அனிச்சையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். முற்றத்தில் அவருடைய காலடித் தடங்கள் மட்டும்தான் இருந்தன.

அவசர எண்ணுக்கு அழைத்தார். அங்கே இருந்த பெண் முழுதாகக் கேட்டாள், திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். "ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. ஆனா எழுபது கிலோமீட்டர் இருக்கு, பனி தள்ளற வண்டிக்குப் பின்னாலதான் வர முடியும். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கருவியைக் குறைச்சு வைங்க. பேச விடாதீங்க."

ஐலாவைப் பேச விடாமலிருப்பது நாற்பது வருஷமாக நடக்காத காரியம். இன்றைக்கு அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. கருவியைக் குறைத்ததும் அவள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சும்மா இருந்ததுதான் ரெய்னோவை உலுக்கியது. பழையபடி திட்டினால் தேவலை என்றிருந்தது.

மறுபடி ஸ்டேமெல்லோவை அழைத்தார். மறுபடி கடற்கரை. இந்த முறை ஒரு மேலதிகாரி கிடைத்தாள். கேண்டேஸ், மூத்த மன அமைதி மேலாளர். கனிந்த, அனுபவப்பட்ட குரல்.

"ரெய்னோ, உங்க நிலைமை எனக்குத் தெரியும். வெளிய ஒரு ஆள் சுத்திக்கிட்டிருக்கான். உங்களுக்குப் பயமா இருக்கு."

"அந்த ஆளே நான்தாங்க!"

"பயத்துல அப்படித் தோணும். அவன்கிட்டப் போகச் சொல்லிப் பாத்தீங்களா?"

"அம்மா, கொஞ்சம் கேளுங்க. உள்ள யாருமே இல்ல. எந்த ரூம்லயும் இல்ல. பன்னண்டையும் பாத்துட்டேன். மூணு மணி ஆனதும் எல்லாரும் வந்துட்டாங்கன்னு உங்க மெஷின் தானா எழுதிக்கிச்சு."

"அது மெஷின் தப்பில்ல, எங்க கொள்கை." கேண்டேஸின் குரலில் பெருமிதம் ஏறியது. "மத்த நிறுவனங்கள்ல விருந்தினர் வர்றதும் வராததும் அவங்க இஷ்டம். அதனால எத்தனை சங்கடம்! வராதவருக்குப் பணம் திருப்பித் தரணும், காரணம் கேக்கணும், மன்னிப்புக் கேக்கணும். நாங்க அதை ஒழிச்சுட்டோம். எங்ககிட்ட மூணு மணிக்கு எல்லாரும் வந்துடறாங்க. நாலு வருஷமா வராத விருந்தினர்னு ஒருத்தர்கூட இல்ல. அதுக்கு விருதுகூட வாங்கியிருக்கோம். நீங்க ஒருத்தர் வரலைன்னு நான் எழுதினா, அந்த நாலு வருஷமும் என்ன ஆகறது? கொஞ்சம் எங்க பக்கத்திலிருந்தும் யோசிங்க."

"என் மனைவி செத்துப்போயிடுவா."

கேண்டேஸ் தணிந்த குரலில் கேட்டாள். "அவங்க பேரு பதிவுல இருக்கா?"

"இல்ல. ஒருத்தர் பேருதான் கேட்டுது."

"அப்படின்னா அவங்க விஷயத்துல என்னால ஒண்ணும் பண்ண முடியாது, ரெய்னோ. ஆனா உங்களுக்காக ஒண்ணு செஞ்சுட்டேன். அந்த வெளியாளைப் பத்திப் போலீஸுக்குத் தகவல் குடுத்துட்டேன். நீங்க நிம்மதியாப் படுத்துக்கங்க."

ரெய்னோ கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஐலாவைப் பார்த்தார். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. கருவி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று காட்டியது, பிறகு பீப் என்று ஒரு முறை அழைத்தது. நாலரை மணிக்கே வானம் சாம்பல் பூத்து, ஜன்னல்களின் மஞ்சள் வெளிச்சம் இன்னும் பிரகாசமாகிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாருக்கும் கதகதப்பாக இருந்திருக்கும், எவராவது இருந்திருந்தால்.

வண்டியின் பின்பக்கத்தில் பனி வாரும் இரும்பு மண்வெட்டி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆறாம் எண் அறைக்கு நடந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உடைத்த கண்ணாடிகளுக்கெல்லாம், யார் உடைத்தது, எதனால், எத்தனை மணிக்கு என்று மூன்று பிரதி எடுத்துப் படிவம் நிரப்பியவர் அவர். ஜன்னல் முன்னால் நின்று, மேலே இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார். அதற்கு ஏதோ விளக்கம் சொல்ல வேண்டும்போல் வாயைத் திறந்தார். கண்ணாடியில் இடது கையை ஊன்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். கேமராவில் சின்ன சிவப்புப் புள்ளி ஒரு முறை கண் சிமிட்டியது.

பிறகு மண்வெட்டியை ஓங்கினார்.

மூன்றாவது அடியில் கண்ணாடி விட்டுக்கொடுத்தது. அலறல் ஒலி எழுந்தது. ஊளையிடும் அந்தச் சத்தத்துக்கு நடுவே கூரையிலிருந்து தேன்குரல்: "ரெய்னோ, பயப்படாதீர்கள். யாரோ உங்கள் ஜன்னலை உடைக்கிறார்கள்." ரெய்னோ கோட்டைக் கழற்றி விளிம்பில் போட்டு, அறுபத்தாறு வயதுக் காலைத் தூக்கி உள்ளே வைத்து, தொப்பென்று கம்பளத்தில் விழுந்தார். தவழ்ந்து போய்க் கதவை அடைந்தார். உள்பக்கத்தில் எண்ணும் இல்லை, பூட்டும் இல்லை. வெறும் கைப்பிடி. திருகியதும் திறந்துகொண்டது.

"போய் வாருங்கள், ரெய்னோ! இனிய உலா!" என்றது கதவு. அது மூடிக்கொள்வதற்குள் மண்வெட்டியை இடையில் செருகிவிட்டு வண்டிக்கு ஓடினார்.

ஐலாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தார். செருகியைச் சுவரில் குத்தினார். ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு கருவியில் பச்சை விளக்கு எரிந்தது, முனகல் தடித்தது. குழாயைச் சரிசெய்து, அளவைக் கூட்டி, அவளுடைய இரண்டு கைகளையும் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெய்னோ தரையில் மண்டியிட்டபடியே இருந்தார். அலறல் ஒலி தானாக ஓய்ந்தது. உடைந்த ஜன்னல் வழியாகப் பனி பறந்து வந்து தொலைக்காட்சிப் பூக்களின் மேல் விழுந்தது.

வெகுநேரம் கழித்து ஐலா கண்ணைத் திறந்தாள். "நல்ல ரூம்" என்றாள். "காத்தோட்டம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

ரெய்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. வந்ததும் வாசலில் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது.

கான்ஸ்டபிள் பெல்ரோஸ் கதவிடுக்கில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கட்டிலில் இருந்த ஐலாவையும், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்ற ரெய்னோவையும் பார்த்தாள்.

"கையைக் கீழ போடுங்க ஐயா, வலிக்கப் போகுது" என்றாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, குறிப்பேட்டைப் புரட்டினாள். "எங்கிட்ட ரெண்டு புகார் இருக்கு. உள்ள போக முடியலன்னு ஒருத்தர். உள்ள வரப் பாக்கறான்னு இன்னொருத்தர். ரெண்டு பேர் பேரும் ரெய்னோ பெல்டோனன்."

"ரெண்டும் நான்தான், மேடம். உடைச்சது நான்தான். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

"உங்க மேல நீங்க வழக்குப் போடறீங்களா?"

ரெய்னோ உண்மையாகவே யோசித்தார். "போட்டே ஆகணுமா?"

"அட, அந்த மெத்தையைப் பிடிங்க ஐயா."

இருவருமாகச் சேர்ந்து இரண்டாவது கட்டிலின் மெத்தையைத் தூக்கி உடைந்த ஜன்னலில் சாத்தி, மேசையை முட்டுக்கொடுத்தார்கள். ஹீட்டர் மறுபடி அறையைச் சூடாக்கத் தொடங்கியது. பெல்ரோஸ் ஐலாவின் விரல் நகங்களைப் பார்த்தாள், அவளிடம் நாலு கேள்வி கேட்டாள், ஐலா நாலுக்கும் பதில் சொல்லி ஐந்தாவதாக அவளையே ஒரு கேள்வி கேட்டதும் திருப்தியாகி, ஆம்புலன்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

அப்போது கைப்பேசி அடித்தது. கேண்டேஸ். பெல்ரோஸ் அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ரெய்னோ, பாதுகாப்பா இருக்கீங்களா?"

"போலீஸ் பேசறேன். இங்க உங்க விருந்தினர் ஜன்னலை உடைச்சுத்தான் தன்னோட ரூமுக்குள்ள வர வேண்டியிருந்துது. மத்தப் பதினொரு ரூமையும் உடனே திறந்து விடுங்க. ரோட்டுல ஆளுங்க மாட்டிக்கிட்டிருக்காங்க."

"அதுலயெல்லாம் ஆள் இருக்காங்களே, ஆபீசர்."

"இல்ல. அந்தப் பதினொரு பேர்ல எட்டுப் பேரை நானே பாத்தேன். என் தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரியில உக்காந்திருக்காங்க."

கேண்டேஸ் பதறவில்லை. "எங்க பதிவுப்படி எட்டுப் பேரும் ரூமுக்கு அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க. பதில் சொல்லாதவங்களுக்கு அஞ்சுன்னு தானா விழும். அவ்வளவு சந்தோஷமா இருக்கறவங்களை நாம எழுப்பறது நியாயமா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆபீசர், ஒரு சந்தேகம். உள்ள வந்த அந்த ஆள் ரெய்னோவுக்குத் தெரிஞ்சவரா? ஏன்னா, பதிவுல இல்லாத ஆளை விருந்தினர் உள்ள விட்டிருந்தா பதிவு ரத்தாயிடும். பத்து நிமிஷத்துல மின்சாரமும் ஹீட்டரும் நின்னுடும். அது தானா நடக்கும். என் கையில கிடையாது. என் கையில எதுவுமே கிடையாது, உண்மையைச் சொன்னா."

பெல்ரோஸ் கட்டிலருகே முனகிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்தாள்.

"ஆள் ஓடிட்டான்" என்றாள் பெல்ரோஸ். இணைப்பைத் துண்டித்தாள். அவள் முகத்திலும் இப்போது ஒரு வெளிறல் இருந்தது. "நான் இதை விடப் போறதில்ல, எழுதத்தான் போறேன். ஆனா அதெல்லாம் நாளைக்கு. காலையில ரோடு திறக்கற வரைக்கும் அவங்க என்ன கேட்டாலும் பாத்துப் பதில் சொல்லுங்க ஐயா. இந்தக் கரண்ட் போச்சுன்னா இந்த மெத்தை தாங்காது."

அவள் கதவைத் தாண்டும்போது, "போய் வாருங்கள், ரெய்னோ!" என்றது கதவு.

ஆம்புலன்ஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது. ஐலாவின் மூச்சை அளந்துவிட்டு, ஓடும் வண்டியைவிட இந்தச் சுவர் மின்முனைதான் இப்போதைக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்களைப் பார்க்கக் கிளம்பியது. ரெய்னோ வண்டியிலிருந்து பிளாஸ்கையும் மருத்துவமனைக் கடையில் வாங்கிய வான்கோழி சாண்ட்விச்சையும் எடுத்து வந்தார். இருவரும் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பாதிப் பாதியாகத் தின்றார்கள். தின்று முடிக்கும்வரை அவர் கண் விளக்கிலேயே இருந்தது. அது ஒரு தடவை மங்கியபோது, ஐலாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஏழு மணிக்குக் கைப்பேசி சிணுங்கியது.

"ரெய்னோ, ஒரே ஒரு கேள்வி. உங்களைப் போன்ற விருந்தினர்களைக் காக்க எங்களுக்கு உதவுங்கள். இன்று உங்கள் அறையைத் தாக்கிய மனிதரின் படம் கீழே உள்ளது. இவரை உங்களுக்குத் தெரியுமா?"

அடியில் இரண்டு பொத்தான்கள். தெரியும். தெரியாது. பக்கத்தில் வினாடிகள் அறுபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.

ரெய்னோ படத்தைப் பெரிதாக்கினார். மேலிருந்து எடுத்த படம். பனி அப்பிய மீசை. கண்ணாடியில் ஊன்றிய கை. பாதி திறந்த வாய். யாரிடமோ எதற்கோ கெஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன். தன் முகத்தில் அப்படியொரு பயம் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஐலா தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "ஏய், இது நீதானே!"

"மெதுவா" என்றார் ரெய்னோ, கூரையைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல்.

வினாடி பதினேழு ஆனது. பதினாறு. ஐலா அவர் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், சுவரில் செருகியிருந்த வயரைப் பார்த்தாள். பிறகு அவர் விரல்மேல் தன் விரலை வைத்தாள். இருவருமாகச் சேர்ந்து அழுத்தினார்கள்.

தெரியாது.

"நன்றி, ரெய்னோ" என்று உடனே வந்தது பதில். "அந்த மனிதருக்கு இனி எங்கள் விடுதி எதிலும் ஆயுள் முழுவதும் இடம் கிடையாது. நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்."